காசநோயும் சென்னை ஆய்வும்

நோய்க்கு இட்ட பெயரே அந்நோய் பற்றிய பண்டை அறிவின் எல்லையைக் காட்டும். 'என்புருக்கி', 'கயம்' என்பன உடல் தேய்வைச் சுட்டின. 'காசம்' இருமலைச் சுட்டிற்று. தொற்றைச் சுட்டும் பெயர் இவற்றுள் ஒன்றுமின்மை நாம் கருதத்தக்கது. 1882 மார்ச்சு 24-இல் இராபர்ட் காக் பெர்லின் நகரில் இந்நோயின் கிருமியை அறிவித்த பின்னரே, சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியிற் கண்டு நோயைத் துணிதல் இயல்வதாயிற்று. உட்புகுந்த கிருமி பலரிடத்து வாழ்நாள் முழுதும் அடங்கிக் கிடக்கும். சிலரிடத்தே நோயாக முதிரும். இருமலின் நுண்டுளி வழியே பிறரைப் பற்றுதலின், நோயாளியை இல்லத்தினின்று பிரித்து வைத்தலே நெறியெனப் பலரும் கொண்டனர். 1928-இல் தாம்பரத்தில் எழுந்த நலவாழ்வகமும் அக்கொள்கை வழிப்பட்டதே.

இக்கொள்கையை உரைத்துப் பார்த்தது 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் வேதிமருத்துவ நிலையமாகும். நோயாளிகள் 193 பேரை இருகூறாக்கி, ஒருசாராரை நெருக்கமிக்க தத்தம் வறிய இல்லங்களிலும், மறுசாராரை நலவாழ்வகத்திலும் வைத்து, இரு சாரார்க்கும் ஐசோனியாசிடும் பாசு மருந்தும் ஓராண்டு அளித்தனர். நலவாழ்வகத்தார் நல்லுணவும் ஓய்வும் மிகுதியாகப் பெற்றனர். எனினும் 1959-இல் வெளியான முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒப்பவே நலம் பெற்றமை புலனாயிற்று. மருத்துவ வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் தந்த முடிவு இதுவென்பது நம் கருத்து.

இல்லத்தார்க்கு நேர்ந்தது யாது? வீட்டில் மருந்துண்டோரின் உறவினர்க்கு நோய் மிகுதியாகப் பற்றவில்லை. அவருட் பலர், நோயாளியின் நோய் துணியப்படுமுன்னரே, அவர் இருமிக்கொண்டிருந்த மாதங்களில், தொற்றுக்கு ஆட்பட்டிருந்தனர்.