கொடி என்றொரு சொல்

ஆங்கிலத்தில் 'பன்டிங்' என்றால் ஒரு பாடும் குருவி. திருவிழாவுக்குக் கட்டும் கொடித் துணிக்கும் அதுவே பெயர். இந்த விநோதம் நமக்கும் உண்டு. பழைய நிகண்டுகளைப் புரட்டினால், 'கொடி' என்ற சொல்லுக்குக் காக்கை என்றும் பொருள் காணலாம். குயிலின் முட்டையை அடைகாத்துக் கொடுப்பது இந்தக் கொடிதான்!

ஆனால் கொடி என்றதும் நம் நினைவுக்கு வருவது அரசர் கொடியே. ஜெயங்கொண்டத்துக்கு அருகில் கங்கைகொண்ட சோழபுரம். 11-ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் அமைத்த அந்தத் தலைநகரில் சுமார் 250 ஆண்டுகள் புலிக்கொடி பறந்தது. 1279-இல் சோழ வமிசத்தின் ஆட்சியே முடிந்துபோயிற்று. மாளிகைமேட்டில், அரண்மனை இருந்த இடத்தில், செங்கல் அடித்தளங்கள்தாம் மிச்சம். காக்கையைக் கொடி என்று சொல்வாரும் இன்று இல்லை.

சொல் மட்டும் சாகவில்லை. ஜெயங்கொண்டத்துத் தெருக்களில் அதை நான் எங்கும் காண்கிறேன்: கொல்லையில் துணி காயும் கொடி, பந்தலில் அவரைக்கொடி, மருமகள் கழுத்தில் தாலிக்கொடி. பிறக்கிற குழந்தையும் தொப்புள்கொடியோடுதானே வருகிறது! புலிக்கொடியை அரசர்களால் காக்க முடியவில்லை. இந்தக் கொடிகளைக் காத்து வந்தவர்கள் பெண்கள். அவர்களுக்கு மெய்க்கீர்த்தி பாடியவர்தாம் யாருமில்லை.