ஒரு சாண் ஒயர்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பைபாஸ் பிரியும் இடத்தில்தான் என் ஹெரால்டின் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. முதலில் வாடைதான் வந்தது. பிளாஸ்டிக் பையைக் கொளுத்தினால் வருமே, அந்த வாடை. சாவியைத் திருப்பி அணைத்தேன். புகை நிற்கவில்லை. சாவிக்கும் அந்தப் புகைக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "பானெட்ட தூக்கு சார், பானெட்ட தூக்கு" என்று கத்தி, பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போட்டார். அரை நிமிஷம் தாமதித்திருந்தால் வண்டி போயிருக்கும்.

தப்பு என்னுடையதுதான். செல்போன் சார்ஜருக்காக நானே ஒரு ஒயர் இழுத்திருந்தேன். கட்அவுட்டில் இருக்கும் பிரவுன் ஒயரிலிருந்து லைன் எடுத்து, இன்ஜின் பக்கத்துத் தகட்டில் துளை போட்டு, அந்தத் துளைக்கு ரப்பர் புஷ் வைக்காமல் உள்ளே கொண்டுபோயிருந்தேன். மூன்று மாதம் உரசி உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டுவிட்டது.

பெருங்களத்தூரில் வண்டியைப் பார்த்த பெரியவர், ஸ்டாண்டர்டு கம்பெனி மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். கருகிய ஒயர்க் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "ஃபியூஸ் எங்க இருக்குன்னு தேடினியா தம்பி?"

"தேடினேன், கிடைக்கலைங்க."

"இருந்தாத்தானே கிடைக்கும்."

நம்பாமல் அன்றிரவு பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஹெரால்டின் ஒயரிங் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பேட்டரியிலிருந்து சொலினாய்டு, அங்கிருந்து கட்அவுட், அங்கிருந்து சாவி, விளக்கு, ஹாரன் என்று கோடுகள் போகின்றன. நடுவில் ஃபியூஸ் என்று ஒன்றுமே இல்லை. வீட்டில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி ஓர் இழை செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டத் தெரியாத ஆள் நம்மூரில் குறைவு. அந்தக் கேரியர்கூட இல்லாமல் ஒரு கார் உலகம் முழுக்க விற்றிருக்கிறது.

இந்த வண்டி சென்னைக்கு வந்த கதையிலேயே இதற்கான பதிலில் பாதி இருக்கிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல், மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வான்கார்டு, பிறகு எய்ட், டென், பென்னன்ட். 1953இல் சுங்கவரி ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. கல்கத்தா ஹிந்துஸ்தான், பம்பாய் பிரீமியர், மெட்ராஸ் ஸ்டாண்டர்டு என்று ஊருக்கொரு கார் நிலைத்தது.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவம் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோட்டியுடையது. அந்தக் காலத்தில் மற்றவர்கள் பாடியையும் சேசிஸையும் ஒரே கூடாக வார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டாண்டர்டுக்கோ பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேசிஸ் செய்து, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, போல்ட் போட்டு மாட்டினார்கள். அங்கே அது இக்கட்டு. பெட்டியில் பாகங்களாக வந்து இறங்கவேண்டிய மெட்ராஸுக்கு அதைவிடத் தோதான கார் இருந்திருக்க முடியாது. 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. பின்னால் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது. என்னுடையது அதுதான்.

அந்தச் சேசிஸைக் குறுக்கி, இரண்டு சீட் போட்டு 1962இல் கொண்டுவந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். மூக்கோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும் பானெட், பின்னால் உள்ளே மடங்குகிற ஆக்சில், இரண்டும் ஹெரால்டினுடையவை. நம் ஊரில் காய்கறி வாங்கப் போன குடும்பக் காருக்கு ஸ்போர்ட்ஸ் கார் தம்பி. சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியது வீண்பெருமை அல்ல. தொடக்ககால ஸ்பிட்ஃபயரிலும் ஃபியூஸ் கிடையாது. அதை வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இன்று முதலில் செய்கிற வேலை, பெரியவர் எனக்குச் செய்து கொடுத்த அதே வேலைதான்.

அந்த வேலை என்னவென்று சொல்லவேண்டும். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். அதை ஒன்றும் செய்ய முடியாது. மற்ற எல்லா மின்சாரமும் சொலினாய்டில் இருந்து கிளம்பும் ஒரே பிரவுன் ஒயரில் போகிறது. லூகாஸ் வண்ண முறையில் பிரவுன் என்றால் சாவியைக் கேட்காத லைன், எப்போதும் உயிரோடு இருப்பது. சாவிக்குப் பிறகு வெள்ளை. ஃபியூஸைத் தாண்டினால் பச்சை அல்லது ஊதா. எர்த் கறுப்பு. 1961இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கிய பிறகு இந்த வண்ணப் பாடம் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு வாய்ப்பாடு. "பிரவுன தொடறவன் மொதல்ல பேட்டரிய கழட்டணும்" என்றார் பெரியவர். எனக்குக் கொஞ்சம் லேட்டாகக் கிடைத்த பாடம்.

அந்தப் பிரவுன் ஒயரின் தொடக்கத்திலேயே, சொலினாய்டுக்குப் பக்கத்தில், ஒரு துண்டு மெல்லிய ஒயரைச் சேர்ப்பதுதான் ஃபியூசிபிள் லிங்க். உருகுவதற்கென்றே வைக்கப்படும் ஒயர். கணக்கு இது: காக்கவேண்டிய ஒயரைவிட நான்கு கேஜ் சிறியது, அதாவது செம்பின் பருமன் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு. என் வண்டியின் பிரவுன் ஒயர் சுமார் 3 சதுர மில்லிமீட்டர், லிங்க் 1.25. நீளம் ஒன்பது அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நம் கணக்கில் ஒரு சாண். ஃபியூஸ் நொடியில் போய்விடும். இது கொஞ்சம் பொறுக்கும். ஹெட்லைட்டும் ஹாரனும் சேர்ந்து ஒரு கணம் இழுத்தால் கண்டுகொள்ளாது. ஷார்ட் ஆனால் மட்டும் தன்னைக் கொடுத்துவிடும். 1970களின் ஜப்பான் கார்களில், டட்சன் 240இஸட் ஸ்போர்ட்ஸ் காரிலும்கூட, இதைப் பார்க்கலாம்.

போய்விட்ட லிங்க்கைக் கண்டுபிடிப்பது வேடிக்கையான விஷயம். பார்த்தால் தெரியாது. மேல்தோல் எரியாத ரப்பர், ஹைபலான் என்பார்கள்; உள்ளே செம்பு ஆவியாகிப் போனாலும் தோல் முழுசாக நிற்கும். சில சமயம் லேசாக உப்பியிருக்கும். பெரியவர் ஒரு பழைய துண்டைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். ரப்பர் பேண்டு போல நீண்டது. "எலும்பு இல்ல பாரு." டெஸ்ட் லேம்ப் வைத்தால் இன்னும் நிச்சயம்: பேட்டரி பக்கம் எரியும், அந்தப் பக்கம் எரியாது.

அந்த ஒரு சாண் ஒயருக்காக ஒரு நாள் அலைந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைப் பையன், "இதுவும் சின்ன ஒயர்தானே சார்" என்று சாதாரண ஒயரை நீட்டினான். செம்பின் அளவு சரிதான். ஆனால் அந்தத் தோல் பி.வி.சி. உருகும்போது தானும் எரிந்து பக்கத்தில் உள்ளதையும் எரிக்கும். மறுப்பது கஷ்டமாக இருந்தது. இருபது ரூபாய் வேலைக்கு இவ்வளவு பேச்சா என்று பார்த்தான். கடைசியில் புதுப்பேட்டையில், எந்தக் காரிலிருந்தோ உரித்துப் போட்ட லிங்க் ஒயர் கிடைத்தது. தோலின் மேல் அளவு அச்சாகியிருந்தது.

பெரியவர் லக் வைத்து அழுத்தி, ஈயம் வைத்து, மற்ற ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றாமல் தனியாக விட்டார். சூடாகிற பொருளுக்குக் காற்று வேண்டும். அதற்குப் பிறகு பழைய கண்ணாடிக் குழல் ஃபியூஸ் பெட்டி ஒன்று வைத்து ஹாரனையும் என் சார்ஜரையும் பிரித்தோம். அதில் ஒரு குழப்பம் உண்டு: லூகாஸ் ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் 35 ஆம்பியரில் போகும் என்று பொருள், தொடர்ந்து தாங்குவது அதில் பாதி. அமெரிக்க ஃபியூஸில் 35 என்றால் தொடர்ந்து தாங்குவதே 35. எண்ணைப் பார்த்து வாங்கிப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் சாகும்.

சரி பார்க்க வண்டலூர் வரை ஓட்டிப்போனோம். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும். ஹெரால்டுக்குப் பிறகு கெஸல், 1970களோடு அதுவும் நின்றது. 1985இல் ரோவர் பாடிக்குள் வான்கார்டு காலத்து இன்ஜின் வம்சத்தை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று விட்டார்கள். 1988க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் காரைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. பெரியவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கும்போது பையிலிருந்து இன்னொரு சாண் ஒயரை எடுத்தார். இரண்டு பக்கமும் லக் வைத்துத் தயாராக இருந்தது. டேஷ்போர்டு அறைக்குள் போட்டுவிட்டு, "இது போச்சுன்னா அத மாட்டு. ஆனா ஏன் போச்சுன்னு பாக்காம மாட்டாத" என்றார். கூடவே ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானரும் வைத்தார்.