பழைய சோபாவுக்கு எந்த நுரை? தென்னை நாரிலிருந்து பாலியூரித்தேன் வரை

1950 முதல் 1970 வரையிலான காலத்தில் செய்யப்பட்ட தேக்கு, ஈட்டிமரச் சோபாக்கள் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இன்றும் உள்ளன. மரச்சட்டம் இரண்டு மூன்று தலைமுறைக்குத் தாங்கும். உள்ளே அடைத்த பொருள் அவ்வளவு நாள் தாங்காது. மேல்துணி கிழிந்ததும் உள்ளிருந்ததைப் பாராமல் குப்பையில் எறிந்துவிட்டு, கடையில் கிடைத்த தடித்த ஸ்பாஞ்சை வெட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. இதனால் இருக்கையின் உயரமும் சாய்வும் மாறி, நல்ல சோபா உட்கார முடியாததாகிவிடுகிறது. எந்தக் காலத்தில் எதை அடைத்தார்கள் என்று தெரிந்தால் இதைத் தவிர்க்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த வரலாற்றின் இரு முனைகளையும் காணலாம். போச்சம்பள்ளி வட்டத்தில் நாகரசம்பட்டி, அரசம்பட்டிப் பகுதிகள் தென்னைக்குப் பேர்போனவை. அரசம்பட்டி நெட்டை ரகத் தென்னங்கன்றுகளைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அதே மாவட்டத்தின் மேற்கே, கர்நாடக எல்லையில், தொழில் நகரமான ஓசூர் இருக்கிறது.

நாரும் சுருள்கம்பியும்

நுரை வருவதற்கு முன் சோபாவின் அடியில் சணல் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, அவற்றின் மேல் சுருள்கம்பிகளைக் கட்டினார்கள். கம்பியின் மேல் சாக்குத்துணி, அதன் மேல் நார், அதற்கும் மேல் பஞ்சு. ஐரோப்பாவில் குதிரை மயிர் செய்த வேலையைத் தென்னிந்தியாவில் தேங்காய் நார் செய்தது. இலவம்பஞ்சும் பருத்தியும் மேலடுக்குக்குப் பயன்பட்டன.

நாரை அப்படியே அடைத்தால் சீக்கிரம் அமுங்கிவிடும். அதனால் அதை இறுக்கமான கயிறாக முறுக்கிச் சில காலம் வைத்திருந்து, பிறகு பிரித்தார்கள். பிரித்த நாரில் சுருள் தங்கிவிடும். அந்தச் சுருள்தான் மீள்விசை தரும். இந்தச் சுருள் நாரைப் பரப்பி, ரப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றினால் ரப்பரூட்டிய நார்ப் பலகை கிடைக்கும். கர்ல்-ஆன், 1963இல் ஆலப்புழையில் தொடங்கிய டியூரோஃப்ளெக்ஸ் ஆகிய நிறுவனங்கள் வளர்ந்தது இந்தப் பொருளால்தான். டியூரோஃப்ளெக்ஸ் பின்னர் ஓசூரிலும் தொழிற்சாலை அமைத்தது.

ரப்பர் நுரை

1929இல் பிரிட்டனில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரப்பர்ப் பாலைக் காற்றோடு அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கும் முறையைக் கண்டறிந்தனர். ‘டன்லப் மெத்தை’ என்ற சொல் தமிழில் எல்லா நுரைமெத்தைக்கும் பொதுப்பெயராகிவிட்டது இதன் எச்சம்.

சோபாவின் உருவத்தையே மாற்றியது இந்த நுரைதான். இத்தாலியில் பிரெல்லி நிறுவனம் ரப்பர் நுரையையும் ரப்பர் நாடாவையும் அறைகலனுக்குக் கொண்டுவந்தது. மார்க்கோ சனூசோ 1951இல் அவற்றைக் கொண்டு ‘லேடி’ என்ற நாற்காலியை வடிவமைத்தார். சுருள்கம்பி தேவைப்படாததால் இருக்கை மெலிந்தது. மெல்லிய கால்களும் தாழ்ந்த உருவமும் சாத்தியமாயின. அந்தக் காலச் சோபாக்களின் அழகு பெரும்பாலும் அந்த மெலிவில்தான் இருக்கிறது. அதில் ஆறு அங்குல நுரையைத் திணிப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பாலியூரித்தேன்

ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் 1937இல் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தனர். மென்மையான நுரை 1950களில் சந்தைக்கு வந்தது. வேதிக்கலவை நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடே அதை நுரைக்க வைக்கிறது. விலை குறைவு, எடை குறைவு என்பதால் சில பத்தாண்டுகளில் இது மற்றவற்றைப் பின்தள்ளியது. ஓசூரில் 1980 முதல் மொபெட்டும் லாரியும் தயாராகத் தொடங்கின. வாகன இருக்கைக்கான நுரை அச்சில் வார்க்கப்படுவது. சோபாவுக்கான நுரை பெரிய கட்டியிலிருந்து அறுத்தெடுக்கப்படுவது. இரண்டும் ஒன்றல்ல.

தேர்வு செய்யும் முறை

முதலில் உள்ளே இருப்பதை அடையாளம் காண வேண்டும். பழைய ரப்பர் நுரை பழுப்பேறி, கெட்டித்து, ரொட்டித் துண்டுபோல் நொறுங்கும். பாலியூரித்தேன் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். சில வகை ஈரக்காற்றில் பிசுபிசுக்கும். நார் அப்படிக் கெடுவதில்லை. தூசி தட்டி, வெயிலில் உலர்த்தி, பிரித்துவிட்டால் பல சமயம் மீண்டும் பயன்படும். சுருள்கம்பி நன்றாக இருந்தால் கம்பியையும் நாரையும் வைத்துக்கொண்டு, மேலே மெல்லிய நுரை மட்டும் போடுவதே சரி.

கடையில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்பார்கள். ஒரு கன மீட்டர் நுரை இத்தனை கிலோ எடையுள்ளது என்பது இதன் பொருள். இது அடர்த்தி மட்டுமே, கடினத்தன்மை வேறு. ஒரே அடர்த்தியில் மெத்தென்ற நுரையும் உண்டு, விறைப்பானதும் உண்டு. நுரையின் பரப்பில் ஒரு வட்டத் தகட்டை வைத்து, தடிமனில் 40 சதவீதம் அமுக்க எவ்வளவு விசை தேவை என்று பார்த்துக் கடினத்தன்மையை அளக்கிறார்கள். கையால் அமுக்கிப் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது. அடர்த்தி குறைந்த நுரை விறைப்பாக இருந்தாலும் சீக்கிரம் பள்ளம் விழும்.

எடை போட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் உள்ள துண்டின் கன அளவு 0.036 கன மீட்டர். 40 அடர்த்தியானால் அது 1.44 கிலோ இருக்க வேண்டும். 32 ஆனால் 1.15 கிலோ. எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத்தூள் கலந்த நுரையும் சந்தையில் உண்டு. அதில் எடை சரியாக இருந்தாலும் மீள்திறன் குறைவு. ஆகவே அமுக்கிவிட்டு, எவ்வளவு விரைவாக எழுகிறது என்றும் கவனிக்க வேண்டும்.

ரப்பர் நுரை இருந்த சோபாவுக்கு மீண்டும் ரப்பர் நுரையே சிறந்தது. விலை கட்டுப்படியாகாவிட்டால், உயர் மீள்திறன் கொண்ட ‘ஹெச்.ஆர்.’ வகைப் பாலியூரித்தேன் அதற்கு அடுத்தது. இரண்டுமே முதலில் இளகி, பின் ஆழத்தில் தாங்கும். தடிமனைப் பழைய உறையின் பக்கவாட்டுத் தையலை அளந்து முடிவு செய்ய வேண்டும், நொறுங்கிய நுரையை அளந்தல்ல. இரண்டு அங்குலம் கூடினால் கைப்பிடி தாழ்ந்துபோகும், கால் தரையில் படியாது. நீள அகலத்தில் மட்டும் உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால் துணி சுருங்காமல் நிற்கும்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1979இல் மான்செஸ்டர் நகரின் உல்வொர்த்ஸ் கடையில் அறைகலன் பகுதியில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தனர். பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். பிரிட்டன் 1988இல் அறைகலன்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. இங்கே சிறிய பட்டறைகளில் தீத்தடுப்பு நுரை கேட்டு வாங்குவோர் குறைவு. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். பிரித்தெடுத்த பழைய நுரையை வாசலில் போட்டுக் கொளுத்தவும் கூடாது.