லாகிரி வஸ்துவின் உரைகல்

எஸ்தோனியா நாட்டில் இன்று தார்த்து என்று வழங்கும் ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்டு, தோர்பாத் என்ற ஜெர்மானியப் பெயரோடும், ஜெர்மன் மொழியிலேயே பாடம் நடந்துவந்த ஒரு சர்வகலாசாலையோடும் விளங்கிய காலத்தில், விஷம் அறியும் சாஸ்திரத்துக்கு ஐரோப்பாவிலேயே அதுதான் தலைப்பீடம் என்று சொல்லத்தக்க கீர்த்தியைப் பெற்றிருந்தது. ஒருவன் விஷமிட்டுக் கொல்வதும், கொன்றவனை நியாயஸ்தலத்தில் நிறுத்திக் குற்றத்தை ருசுப்படுத்துவதும் அந்த நூற்றாண்டின் பத்திரிகைகளுக்கு வற்றாத விஷயங்கள். பாஷாணத்தைப் பிரேதத்திலிருந்து பிரித்துக் காட்டும் வழியை இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் கண்டு சொல்லிவிட்டார். ஆனால் அபினிலுள்ள மார்ஃபின், எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னின் முதலிய தாவர விஷங்கள் உடலில் கலந்தபின் எந்தச் சோதனைக்கும் அகப்படா என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பெல்ஜியத்தில் ஒரு பிரபு தன் மைத்துனனுக்கு நிகோடினைப் புகட்டிக் கொன்ற வழக்கில், 1850இல் ஜான் ஸ்டாஸ் என்ற ரசாயன சாஸ்திரி அந்த விஷத்தையும் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகே அந்த எண்ணம் மாறிற்று.

பிரித்தெடுத்துவிட்டால் போதுமா? கைக்குக் கிடைப்பது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. மற்ற வெள்ளைப் பொடிகளிலிருந்து அதை வேறுபடுத்தி இன்னதென்று பெயர் சொல்ல வேண்டும். தோர்பாத்தில் 1864 முதல் முப்பது ஆண்டுகள் மருந்தியல் பேராசிரியராக இருந்த கியோர்க் திராகெண்டார்ஃபும், அந்தச் சர்வகலாசாலையில் உழைத்த மற்றவர்களும் இந்தப் பெயர் சொல்லும் வித்தையிலேயே ஆயுளைச் செலவிட்டவர்கள். வனேடிய உப்பைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து மாண்டெலின் என்பவர் ஒரு சோதனையை வகுத்தார். 1896இல் எடுவர்ட் மார்க்விஸ் என்ற இளைஞர், பிணங்களைப் பதப்படுத்த உதவும் ஃபார்மால்டிஹைடைச் செறிந்த கந்தகத் திராவகத்தோடு கலந்து, அபின் இனத்து வஸ்துக்களை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு திரவத்தை உண்டாக்கினார். அன்று அவர் வகுத்த அந்தக் கலவை, அவர் பெயராலேயே, இன்றும் உலகெங்கும் சிறு சீசாக்களில் விற்பனையாகிறது.

அதன் பிரயோகம் மிக எளிது. வெள்ளைப் பீங்கான் தட்டில் குண்டூசித் தலையளவு பொடியை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு துளியை விட வேண்டும். மார்ஃபினும் ஹெராயினும் ஆனால் செந்நீலம் படர்ந்து கருகும். ஆம்ஃபெடமின் ஆனால் ஆரஞ்சு தோன்றிப் பழுப்பாகும். எக்ஸ்டஸி என்று பெயர் பெற்ற எம்.டி.எம்.ஏ. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊதா எழுந்து மசிபோல் கறுத்துவிடும். வெறும் சர்க்கரையானாலோ திராவகம் அதை மெல்லக் கருக்குவதால் பழுப்பேறும். நம் பத்தர் உரைகல்லில் பொன்னைத் தேய்த்து, அந்தக் கீற்றின்மேல் திராவகம் தொட்டு, நிறம் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பதற்கும் இதற்கும் முறையில் பேதமில்லை. ஆனால் பத்தரின் கண் மாற்றையும் ஒருவாறு மதிப்பிட்டுவிடும். மார்க்விஸ் துளியோ இனத்தைக் குறிப்பாகச் சொல்லுமே தவிர, எவ்வளவு இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்ற கேள்விகளுக்கு வாய் திறக்காது. இந்தச் சரித்திரத்தில் பின்னால் வந்த சங்கடங்களில் பெரும்பாலானவை இந்தக் குறையிலிருந்து கிளைத்தவையே.

நீதிக்காகப் பிறந்த இந்தத் துளியை ஆய்வுக்கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் போலீஸார். அமெரிக்காவில் 1970களில், கண்ணாடிக் குப்பிகள் உள்ளே அடங்கிய சிறு பிளாஸ்டிக் பைகள் காவலரின் சட்டைப்பையில் இடம்பெற்றன. சந்தேகப்பட்ட பொடியைப் பைக்குள் போட்டு, குப்பியை விரலால் நெரித்து உடைத்து, குலுக்கி, நிறத்தைப் பார்ப்பார்கள். இத்தகைய சோதனையைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது என்று அந்நாட்டு நீதித்துறையே 1978இல் வழிகாட்டியிருந்தும், அந்தப் பையின் நிறத்தையே நம்பிக் கைது செய்வதும், கைதானவர் சிறைவாசத்துக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொள்வதும், மாதங்கள் கழித்து ஆய்வுக்கூடம் அந்தப் பொடியில் லாகிரி ஏதுமில்லை என்று அறிவிப்பதும் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் இந்த நூற்றாண்டிலும் பலருக்கு நேர்ந்தன. அதே 1970களில் கலிபோர்னியாவில் ஃபார்ம்கெம் என்னும் ஆய்வுக்கூடம், பெயர் சொல்லாதவர்கள் அனுப்பிய மாதிரிகளைப் பரிசோதித்துச் சங்கேத எண்ணைச் சொன்னால் முடிவைத் தொலைபேசியில் தெரிவித்து வந்தது. பொருள் இன்னதென்று சொல்லலாம், அளவைச் சொல்லக் கூடாது என்று மத்திய சர்க்கார் அதற்கு நிபந்தனை விதித்தது. அளவுக்கு மீறி உட்கொண்டு சாகிறவர்களைக் காப்பதற்கு அளவைத் தவிர வேறெது முக்கியம் என்று கேட்டால், சர்க்காரிடமும் ஒரு பதில் இருந்தது: விற்பவனுக்குத் தரக்கட்டுப்பாட்டு நிலையம் நடத்துவது நம் வேலை அல்லவே!

தராசும் அளவுகோலும் ஆட்டக் கூடத்தின் வாசலுக்கு வந்த இடம் ஆம்ஸ்டர்டாம். 1980களின் பிற்பகுதியில், விடிய விடிய நடக்கும் நடன விருந்துகளில் எக்ஸ்டஸி மாத்திரை பரவியபோது, ஆகஸ்ட் தெ லோர் என்ற சமூக ஊழியர் அங்கே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய முறை ரசாயனத்தைவிடக் கணக்கப்பிள்ளையின் தொழிலுக்கே நெருக்கமானது. மாத்திரையின் விட்டத்தையும் கனத்தையும் அளந்து, எடை போட்டு, நிறத்தையும் முத்திரையையும் பார்த்து, முன்பே ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கப்பட்ட மாத்திரைகளின் பட்டியலோடு ஒப்பிடுவார். கூடவே மார்க்விஸ் துளியும் விழும். எல்லாம் ஒத்திருந்தால் உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லுவார். ஒன்று பொருந்தாவிட்டாலும் மாத்திரை ஆய்வுக்கூடத்துக்குப் போகும். இதிலிருந்து கிளைத்ததே 1992இல் டச்சு சர்க்காரின் ஆதரவோடு ஏற்பட்ட டிம்ஸ் என்னும் கண்காணிப்பு அமைப்பு. ட்ரிம்போஸ் நிறுவனத்தின் பொறுப்பில் அது இன்றளவும் நடைபெறுகிறது.

அதன் அருமை 2014 டிசம்பரில் வெளிப்பட்டது. சூப்பர்மேன் முத்திரையிட்ட ஒரு மாத்திரை எக்ஸ்டஸி என்ற பெயரில் டிம்ஸின் கைக்கு வந்தது. சோதித்துப் பார்த்ததில் அதில் இருந்தது பி.எம்.எம்.ஏ. என்ற வேறு வஸ்து. அது மெதுவாக ஏறுவது. ஒன்று போட்டும் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதை விழுங்குகிறவனுக்கு, பிறகு உடல் வெப்பம் அடக்க முடியாமல் ஏறி உயிருக்கே அபாயம் உண்டாகும். எக்ஸ்டஸிக்குக் கறுக்கும் மார்க்விஸ் திரவம் இதன்மேல் விழுந்தால் நிறம் மாறாமல் அப்படியே கிடக்கும். ஆகையால் அறிந்தவனுக்கு அந்த மௌனமே எச்சரிக்கை. டச்சுக்காரர்கள் உடனே நாடெங்கும் அறிவிப்பு விடுத்தார்கள். கடலுக்கு அப்பால் பிரிட்டனில், அதே முத்திரை கொண்ட மாத்திரைகளை உட்கொண்ட நால்வர் அந்தப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மாண்டுபோனார்கள்.

இதற்கு வெகு முன்பே, வியன்னா நகரில் 1997 முதல் செக்இட் என்ற அமைப்பினர், சேர்மங்களைப் பிரித்து அளவும் சொல்லக்கூடிய பெரிய கருவிகளையே நடனக் கூடங்களுக்குத் தூக்கிச் சென்றார்கள். அமெரிக்காவில் 1998இல் தோன்றிய டான்ஸ்சேஃப், மார்க்விஸ் சீசாவோடு நின்றது. 2003இல் வந்த ஒரு சட்டம், தம் இடத்தில் லாகிரி வஸ்து புழங்குவதை அறிந்தும் அனுமதிப்பவரைத் தண்டிக்கும் என்று ஏற்பட்டதும், சோதனை மேஜையை உள்ளே விட்டால் அறிந்ததாக ஆகிவிடுமே என்று விருந்து நடத்துவோர் பின்வாங்கினார்கள்.

இனிச் சொல்லப்போகும் கருவியின் வம்சாவளியைத் தேடினால், மதுவையே தொடாத ஒரு திருச்சிராப்பள்ளிக்காரரின் பெயரில் போய் நிற்கிறோம். திருவானைக்கோவிலில் பிறந்த சி. வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு கல்கத்தாவில் ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28ஆம் தேதி கண்டது இதுதான்: ஒரே நிற ஒளியைத் திரவத்தில் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகமிகச் சொற்பமான ஒரு பங்கு நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் ஒவ்வொரு வஸ்துவுக்கும் அதனதன் அணுக்கட்டுக்கேற்ப வேறுபடுகிறது. வஸ்துவின் கைரேகை என்றே அதைச் சொல்லலாம். லேசர் வந்து, கணினியும் குறுகிய பிறகு, அந்தக் கைரேகையைப் பார்க்கும் யந்திரம் கைக்குள் அடங்கிவிட்டது. பொட்டலத்தைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் உறையின் வழியாகவே ஒளியைச் செலுத்தி உள்ளிருப்பதை அறிவிக்கும் ட்ருநார்க் போன்ற யந்திரங்களை இப்போது போலீஸாரும் சுங்கத்தாரும் வைத்திருக்கிறார்கள். சில நாடுகளில் சமூக ஊழியர்களும் இத்தகைய கருவிகளைக் கையாளுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1923இல் ராமனுடைய ஆராய்ச்சிசாலையில் கே. ஆர். ராமநாதன் அந்த மங்கிய ஒளியை முதலில் கவனித்தபோது, திரவத்திலுள்ள அசுத்தத்தால் எழும் உடனொளிர்வு என்றே அதற்குக் காரணம் கற்பிக்கப்பட்டது. திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அது மறையாததால்தான் புதிய விளைவு என்பது வெளிப்பட்டது. தெருவில் விற்கும் பழுப்பு ஹெராயினையும் சாயமேற்றிய மாத்திரையையும் யாரும் சுத்திகரித்துத் தருவதில்லை. அவற்றின் அசுத்தங்கள் உண்மையாகவே உடனொளிர்ந்து, ராமன் ஒளியை மூழ்கடித்துவிடுகின்றன. அன்று சந்தேகமாக இருந்தது இன்று இடையூறாகி நிற்கிறது.

இந்த யந்திரங்களுக்கும், அகச்சிவப்புக் கதிரால் ஆராயும் அவற்றின் சகோதரக் கருவிகளுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று கனடாவில் அம்பலமாயிற்று. மார்ஃபினைவிட நூறு மடங்கு வரை வீரியமுள்ள ஃபென்டனில், ஹெராயினோடு கலந்து விற்கப்பட்டு மரணங்கள் பெருகவே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. அகச்சிவப்புக் கருவி நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவாக உள்ள சரக்கைப் பெரும்பாலும் தவற விட்டுவிடும். ஃபென்டனிலோ அதனினும் குறைந்த அளவிலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே வான்கூவர் நகரத்தில், ஊழியர் மேற்பார்வையில் லாகிரி ஊசி போட்டுக்கொள்ள இடமளிக்கும் இன்சைட் நிலையத்தில், சிறுநீர்ப் பரிசோதனைக்கென்று செய்யப்பட்ட காகிதப் பட்டைகளை அந்தக் கோடையில் எடுத்து உபயோகித்துப் பார்த்தார்கள். சோதித்த சரக்கில் நூற்றுக்கு எண்பத்தாறில் ஃபென்டனில் இருந்தது. பொடியில் சிறிதை நீரில் கரைத்து, பட்டையின் நுனியைச் சில விநாடி தோய்த்துச் சற்றே காத்திருந்தால், இரண்டு செங்கோடு தோன்றினால் ஃபென்டனில் இல்லை. ஒரே கோடு தோன்றினால் உண்டு. கர்ப்பச் சோதனைப் பட்டை பார்த்துப் பழகியவர்களுக்கு இது முழுக்கத் தலைகீழ் என்பதால், கோட்டை எண்ணத் தெரிந்தவனும் பொருளைத் தப்பாகக் கொள்ள இடமுண்டு. நீரைக் குறைத்துக் கரைத்தால் மெத்தாம்ஃபெடமின் கூட ஃபென்டனிலைப் போல் நடித்துவிடும். அடுத்த ஆண்டு அகச்சிவப்புக் கருவியையும் கொண்டுவந்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்யலானார்கள். இங்கிலாந்தில் பேராசிரியை பியோனா மெஷாமின் தி லூப் அமைப்பு 2016இல் ஒரு இசைவிழாவில் நடத்திய சோதனையில், ஐந்தில் ஒன்று சொன்ன பெயருக்குரிய சரக்காகவே இல்லை. அதை அறிந்தவர்களில் பெரும்பாலோர் மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சட்டம் இந்தக் கருவிகளின் பின்னாலேயே நொண்டி நொண்டி வந்தது. நியூஜிலாந்தில் நோயுவர்ஸ்டஃப் என்ற தொண்டர்கள் 2014 தொட்டு இசைவிழாக்களில் சோதனைக் கருவிகளோடு அமர்ந்திருந்தபோது, தடைசெய்த வஸ்துவைக் கையால் தொட்டாலே உடைமைக் குற்றம் ஆகிவிடுமென்று அஞ்சி, சோதனைக்கு வந்தவரையே தம் விரலால் பொடியை எடுத்துக் கருவியின்மேல் வைக்கச் சொல்லுவார்கள். துடைக்கவும் அவரையே சொல்லுவார்கள். 2020 டிசம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்றம் தாற்காலிகமாகவும், 2021 நவம்பரில் நிரந்தரமாகவும் இதற்கென்றே சட்டம் இயற்றிற்று. உலகில் இதைச் செய்த முதல் நாடு அதுதான். அதன்படி, அனுமதி பெற்ற சோதனைக்காரர் மாதிரியைத் தம் கையால் வாங்கிச் சோதிக்கலாம், சந்தேகம் தீராவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், வேண்டாமென்று விட்டுப்போகும் சரக்கை அழிப்பதற்காகப் பெற்றுக்கொள்ளலாம்.