ஒரு பழங்குடியின் மாவட்ட எல்லை

ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையில் சிங்காரப்பேட்டையைத் தாண்டும்போது வடகிழக்கே சவ்வாது மலை எழுந்து நிற்கும். 1767இல் ஐதர் அலியின் படையும் கும்பினிப் படையும் மோதிய செங்கம் கணவாய் இந்தப் பக்கம்தான். மேலே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பேசுவது தமிழ், பெயருக்குப் பின்னால் வருவது கவுண்டர், விளைவிப்பது சாமையும் தினையும் கேழ்வரகும். பருவத்தில் கடுக்காயும் புளியும் கீழே இறங்கும்.

இவர்கள் சொல்லும் பூர்வீகக் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. அண்ணன் தம்பி மூவர் கிளம்பி, மூத்தவர் சேர்வராயனிலும் நடுவர் பச்சைமலையிலும் இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். சவ்வாது மலைக் கதையில் காரைக்காட்டு வேளாளரும் கங்குந்தி வேடர்களும் வருகிறார்கள். எந்தக் கதையைக் கேட்டாலும் சாரம் ஒன்றே: நாங்கள் கீழ்நாட்டிலிருந்து மேலே வந்தவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இனத்தை மூக்கின் நீள அகலத்தில் தேடிய காலனியக் கல்வியும் இதை மறுக்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கையுமாகத் தென்னிந்தியா முழுக்கத் தலைகளை அளந்தவர். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் மலையாளிகள் மலையேறிய தமிழ் வேளாளர்களே. அப்படியானால் அவர்களைத் தனித்த மக்களாக்கியது எது? இரத்தத்தைவிட நிலமும் நிர்வாகமும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காட்டைக் காப்புக்காடாக்கிக் கோடு போட்டது. நேற்றுவரை வெட்டி எரித்து விதைத்த புனக்காடு மறுநாள் சர்க்கார் சொத்து. அதில் கால் வைத்தவர் குற்றவாளி.

விடுதலைக்குப் பின் 1950இல் பழங்குடிப் பட்டியல் வந்தது. யார் பழங்குடி என்று கேட்ட லோகூர் குழு 1965இல் ஐந்து அடையாளங்களை வகுத்தது: தொன்மைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. 1976இல் பட்டியலைத் திருத்தியபோது மாநிலத்துக்குள் இருந்த வட்டார வரம்புகள் பலவும் நீங்கின. மலையாளிகளுக்கு வரம்பு நின்றது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று அடைப்புக்குறிக்குள் ஆறு மாவட்டங்கள்.

சிங்காரப்பேட்டை 1965 வரை சேலத்தில் இருந்தது, பிறகு தருமபுரிக்குப் போனது, 2004இல் கிருஷ்ணகிரியானது. மாவட்டப் பெயர் மாறினாலும் பழைய தருமபுரியின் துண்டு என்பதால் இப்பகுதி மலையாளிகளின் தகுதி தப்பியது. பர்கூர் மலையில் கதை வேறு. (கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பர்கூர் அல்ல, அந்தியூருக்கு மேலே உள்ளது.) அங்கேயும் மலையாளிகள்தான். ஆனால் அந்த மலை கோயம்புத்தூரில் இருந்து, 1979இல் பிரிந்து, இன்று ஈரோட்டில் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் கோயம்புத்தூர் இல்லை. ஆகவே அந்த மலையாளி பழங்குடி இல்லை. இனக்குழுவை அதன் பழக்கவழக்கங்களில் தேடாதீர்கள், எல்லையைப் பாருங்கள் என்று நார்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969இல் எழுதினார். இப்படி வருவாய்த்துறை வரைபடத்தையே எல்லையாகக் கொண்ட ஓர் இனத்தை அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வெறும் காகிதம்தானே என்று நினைக்கலாம். அந்தக் காகிதத்தின் எடை ஊத்தங்கரைக்கு அடுத்த அரூர் வட்டத்தில் தெரிந்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட மலையாளிகள் அங்கே பட்டியலில் உள்ள பழங்குடிகள் என்பதால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கில் நுழைய முடிந்தது. இதே கொடுமை பர்கூர் மலையாளிகளுக்கு நடந்திருந்தால் அந்தச் சட்டம் அவர்களுக்குத் துணை வந்திருக்காது.

சான்று கிடைப்பதும் எளிதல்ல. 1989க்கு முன் தாசில்தாரே கொடுத்தார்; பிறகு அந்தப் பொறுப்பு கோட்டாட்சியரிடம் போனது. தகப்பனாரின் பள்ளிப் பதிவில் வெறும் ‘கவுண்டர்’ என்றிருந்தால் அங்கேயே சிக்கல் ஆரம்பம். கொங்குக் கவுண்டரா, மலைக் கவுண்டரா என்று நிரூபிக்க வேண்டியவர் மனு கொடுத்தவர்தான்.

அடுத்த கோடு ஓசூரில். சான்று வாங்கிய மலையாளி அங்கே சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும்வரை அது செல்லும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கினால், கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டுக்கு அவர் பழங்குடி அல்ல. பிறந்த மாநிலத்தின் தகுதி பிற மாநிலத்துக்குத் தொடராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பட்டியல் மாறாத கல்வெட்டு அல்ல. நெடுங்காலம் கேட்டுக்கேட்டு, நரிக்குறவர்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிகளிலேயே பெரிய கூட்டம் மலையாளிகள், ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். பர்கூர்க்காரர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. அடைப்புக்குறிக்குள் ‘ஈரோடு’ என்று ஒரு பெயரை எழுதும் அதிகாரம், அரசமைப்புச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றத்துக்கு மட்டுமே இருக்கிறது.