முடிக்காமல் விட்ட ஒரு யுத்தக்கதை: பத்து வருசம் கழித்து இரண்டாந்தரம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஊர், இடப்பெயர்வு, அரசியல் என்றுதான் எழுதுவது. இன்றைக்கு ஒரு வீடியோ கேம் பற்றி எழுதப்போகிறேன் என்றால் சிலர் முகத்தைச் சுழிக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கோ. இதுவும் ஒருவகையில் அகதிக்கதைதான்.

விளையாட்டின் பெயர் 'ஸ்டார் வோர்ஸ்: நைட்ஸ் ஒஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2'. பெடியள் சுருக்கமாகக் 'கோட்டோர் இரண்டு' என்பார்கள். ஒரு பாத்திரத்தை நாங்களே உருவாக்கி, அவர் என்ன கதைக்கவேண்டும், யாருக்கு உதவவேண்டும், யாரைச் சுடவேண்டும் என்று நாங்களே தீர்மானித்து, முப்பது நாற்பது மணித்தியாலம் ஆடுகிற வகை. முதற்பாகம் 2003இல் கனடாவின் எட்மன்ரனில் இருக்கும் பயோவெயார் கொம்பனி செய்தது. சினிமாப் படங்களுக்கு ஏறக்குறைய நாலாயிரம் வருசத்துக்கு முந்திய காலத்துக் கதை. அமோக வெற்றி. விருதுகளும் குவிந்தன.

இரண்டாம் பாகத்தைச் செய்ய பயோவெயாருக்கு நேரமில்லை. தங்களுக்குத் தெரிந்த ஆட்கள் என்று கலிஃபோர்னியாவில் 2003இல் அப்போதுதான் தொடங்கிய ஒப்சிடியன் என்ற சின்னக் கொம்பனியை லூக்காஸ்ஆர்ட்ஸுக்குக் கைகாட்டி விட்டார்கள். ஒப்சிடியன்காரர் சும்மா ஆட்களில்லை. பிளாக் ஐல் என்ற பழைய நிறுவனத்தில் இருந்து வெளியேறி வந்தவர்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 1999இல் 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ற்' என்ற விளையாட்டை எழுதியவர். வீடியோ கேமில் இலக்கியம் இருக்கமுடியுமா என்று ஆராவது கேட்டால் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லுவார்கள்.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றேகால் வருசம் அளவு அவகாசம். ஆட்களைச் சேர்க்கவேண்டும், பயோவெயாரின் மென்பொருளைப் படிக்கவேண்டும், முதற்பாகத்தைவிடப் பெரிதாகவும் செய்யவேண்டும். கிறிஸ்மஸ் வியாபாரத்துக்குக் கடையில் இருக்கவேண்டும் என்பது தேதி. 2004 டிசம்பர் 6 எக்ஸ்பொக்ஸுக்கு வந்தது. கணனிக்கு 2005 பெப்ரவரி 8. இடையில் டிசம்பர் 26. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் எங்களுக்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கம் வாசிக்கிற ஆட்களுக்குச் சொல்லத்தேவையில்லை. சுனாமிக்குக் காசு சேர்த்து, உடுப்புப் பெட்டி கட்டி அனுப்பி முடிந்த களைப்பில்தான் நான் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

விமர்சகர்கள் நல்ல புள்ளிதான் போட்டார்கள். ஆனால் முடிவுவரை போன எல்லாரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: முடிவே இல்லை. கடைசிக் கிரகத்தில் வந்து இறங்கியதும் கூட வந்த தோழர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதையில் இருந்து காணாமற் போகிறார்கள். ஒரு குட்டி ரோபோவுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறார்கள். அதை இன்னொன்று வழிமறிக்கிறது. அவ்வளவுதான், அந்தக் காட்சி அப்படியே அறுந்துவிடும். எச்கே-47 என்ற கொலைகார ரோபோ தன்னைப் பார்த்துப் போலி செய்கிற தொழிற்சாலையைத் தேடிப் போகவேண்டும் என்று வழிநெடுகப் புலம்பும். அந்தத் தொழிற்சாலை ஆட்டத்தில் இல்லை. முழுதாக ஒரு ரோபோக் கிரகத்தையே வெட்டி எறிந்திருந்தார்கள். நானும் கடைசிச் சண்டை முடிய 'இவ்வளவுக்குத்தானா' என்று சீடிக்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளியவன்.

பழி முழுக்க லூக்காஸ்ஆர்ட்ஸின் தலையில் என்றுதான் அப்போது எல்லாரும் எழுதினார்கள். அவலோன் பிற்காலத்துப் பேட்டிகளில் அப்படிச் சொல்லவில்லை; இருந்த நேரத்துக்குள் அடங்காத அளவை நாங்களும்தான் எடுத்துக்கொண்டோம் என்ற மாதிரித்தான் சொன்னார். எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

இனி விசயத்துக்கு வருவம்.

வெட்டினார்கள் என்று சொன்னேனே, உண்மையில் அழிக்கவில்லை. நேரமில்லாத ஆட்கள் வாசலைத்தான் பூட்டுவார்கள், வீட்டை இடிக்க அவர்களுக்கு எங்கே நேரம்? நடிகர்கள் பேசிப் பதிவு செய்த வசனங்கள், எழுதி முடித்த உரையாடல்கள், அரைகுறைக் காட்சிகள் எல்லாம் விற்ற சீடிக்குள்ளேயே கிடந்தன. ஆட்டம்தான் அந்தப் பக்கம் போகாது. கோப்புகளைத் திறந்து பார்க்கத் தெரிந்த ரசிகர்கள் இதைக் கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் 'டீம் கிஸ்கா' என்று ஒரு கூட்டம், எல்லாவற்றையும் திருப்பிக் கோர்க்கிறோம் என்று வெளிக்கிட்டது. வருசக்கணக்காக 'இதோ வருகிறது, அதோ வருகிறது' தான். (எங்கட ஊர்ச் சங்கங்களின் மலர்க்குழு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) பிறகு 2009, 2010 அளவில் வேறு சிலர், புனைபெயர்களிலேயே அறியப்பட்டவர்கள், 'மீட்கப்பட்ட உள்ளடக்கம்' என்ற பொருள்பட ஒரு திருத்தப்பொதியை வெளியிட்டார்கள். ஒரு சதம் சம்பளமில்லை. நூற்றுக்கணக்கான பிழைகள் திருத்தம். எச்கே தொழிற்சாலை திரும்பி வந்தது. கடைசிக் கிரகத்தின் அறுந்த காட்சிகள் பலவும் வந்தன. பதிவு செய்யாத வசனத்தை அவர்கள் தாங்களாகப் பேசிச் சேர்க்கவில்லை. இருந்ததைத்தான் இருந்த இடத்தில் வைத்தார்கள். ஆவணக்காரருக்கு இருக்கவேண்டிய அடக்கம் அது.

2015 யூலையில் அஸ்பயர் என்ற ரெக்சாஸ் கொம்பனி ஸ்டீமில் இருந்த பதிப்பைப் புதுப்பித்து, ரசிகர்களின் பொதிகளை ஒரு அழுத்தில் சேர்க்கிற வசதியையும் கொடுத்தது. விளையாட்டு வந்து பத்து வருசம் தாண்டி இப்படி ஒரு திருத்தம் வருவது அபூர்வம். 2016 குளிரில், அக்காவின் மகன் கோட்டோரைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு 'மாமா, உங்களிட்டை இது இருந்ததாமே' என்று வந்து நின்றான். பத்து டொலருக்குள் வாங்கி, பொதியையும் போட்டு, பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டு பேஸ்மென்ரில் இரண்டுபேரும் இருந்து தொடங்கினோம்.

முதற்தடவை 2005இல் ஆடியபோது ஊரில் சமாதான காலம். ஏ9 திறந்து கிடந்தது. யுத்தம் என்பது முடிந்துபோன ஒன்று மாதிரியே கதைத்துக்கொண்டிருந்தோம். இரண்டாந்தரம் 2009க்குப் பிறகு. அதே விளையாட்டு, வேறு கண்.

எங்கள் பாத்திரத்துக்குப் பெயரில்லை. 'நாடுகடத்தப்பட்டவர்' என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். அவர் ஒரு தளபதியாக இருந்தவர். மண்டலோரியருடனான யுத்தத்தில், மலாக்கோர் என்ற கிரகத்தின் மேல் நடந்த கடைசிச் சமரில் ஒரு ஆயுதத்தை இயக்கக் கட்டளை கொடுத்தவர். அது எதிரியின் கப்பல்களையும் தன் பக்கக் கப்பல்களையும் சேர்த்து நசுக்கியது. யுத்தம் வென்றது. அந்தச் சாவுகளின் கனம் தாங்காமல் அவருக்கு ஃபோர்ஸ் என்கிற அந்த உணர்வே அறுந்துபோய்விட்டது. கட்டளையை மீறி யுத்தத்துக்குப் போன ஜெடாய்களில், தீர்ப்பைக் கேட்கத் திரும்பிச் சபைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் துரத்தினார்கள். கதை தொடங்குவது இதெல்லாம் நடந்து பத்து வருசத்துக்குப் பிறகு.

அந்த ஆயுதத்தைச் செய்த தொழிநுட்பக்காரர் பாவோ-டுர் என்று ஒருவர் எங்கள் கூட்டத்தில் சேருவார். ஒரு கை இயந்திரக் கை. மெல்லிய குரல். யுத்தம் முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் எங்களை 'ஜெனரல்' என்றுதான் கூப்பிடுவார். இடிந்த ஒரு கிரகத்தில் திரும்ப மரம் முளைக்க வைக்கிற வேலையில் இருக்கிறார். மலாக்கோரைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லமாட்டார். நாங்கள் கேட்டால், அதுவும் சரியான நேரத்தில் கேட்டால், ஒரு துண்டு சொல்லுவார். 2005இல் இந்த உரையாடல்களைத் தட்டித்தட்டி ஓடியிருக்கிறேன். இரண்டாந்தரம் ஒவ்வொன்றையும் நின்று கேட்டேன். இப்படிக் கதைக்கிற ஆட்களை எனக்கு இப்போது தெரியும். ரொரன்ரோவிலும் லண்டனிலும் சாமான் அடுக்கிற வேலைக்குப் போய்வந்து, ஒரு குறிப்பிட்ட மாதம் வந்தால் மட்டும் போனை நிப்பாட்டி வைக்கிற ஆட்கள்.

யுத்த விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. துவக்கோடு ஓடி, கொடி நாட்டி, பாட்டோடு முடியும். இது தொடங்குவதே அங்கே. வென்ற பக்கத்துக் கிரகங்களும் குப்பையாகக் கிடக்கின்றன. திருத்திக் கட்டுகிற ஒப்பந்தத்துக்கு ஒரு கொம்பனி இலஞ்சம் கொடுக்கிறது. எரிந்த ஜெடாய் மடத்துக்குள் புகுந்து சனம் சாமான் பொறுக்கி விற்கிறது. அந்த ஊர்ச்சனத்துக்கு ஜெடாய் என்றாலே ஆத்திரம். 'உங்கட சண்டையாலைதானே இதெல்லாம்' என்கிற அந்த ஆத்திரம். இரண்டு பக்கத்திலும் ஆர் சரி என்று அவர்களுக்கு அக்கறையில்லை.

பிறகு நார் ஷட்டா. கட்டடங்களே தரையாகிப்போன ஒரு கொள்ளைக்காரச் சந்திரன். கப்பல் இறங்குதளத்துக்குப் பக்கத்தில் கொள்கலன்களுக்குள் அகதிகள். ஒரு சண்டியர் கூட்டம் அவர்களை ஒரு மூலையில் அடைத்து வைத்திருக்கிறது. ஒருவன் வந்து ஐந்து கிரெடிற் கேட்பான். கொடுத்தால், கூட வருகிற கிழவி கிறேயா அந்தக் காசுக்காகவே அவனை இன்னொரு அகதி அடித்துப் பறிப்பதைக் காட்டுவாள். துரத்தினால், அந்தக் கோபத்தை அவன் இன்னொருவனில் தீர்ப்பதைக் காட்டுவாள். என்ன செய்தாலும் ஏச்சு. இரக்கம் ஒருவனைப் பலவீனமாக்கும் என்பது அவளின் வாதம். ஸ்டார் வோர்ஸ் உலகத்தில் தனக்கு ஒத்துவராத எல்லாவற்றையும் அவலோன் அவளின் வாயால்தான் கேட்டார். சேரா கெஸ்ரெல்மன் என்ற ஆங்கில நாடக நடிகையின் குரல். அருமையான குரல்.

'மாமா, இப்ப குடுக்கிறதோ விடுறதோ?' என்றான் மருமகன்.

'குடு' என்றேன்.

கிறேயா கெட்டிக்காரி. ஆனால் அவள் காட்டுவது ஒரு தெருமூலை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் ஒரே றோட்டில் வெளிக்கிட்டு, செம்மணியும் நாவற்குழிப் பாலமும் மழைக்குள்ளே மனிதராலேயே அடைபட்டுப்போனது. இலட்சக்கணக்கான சனம். தென்மராட்சியில் ஆரெண்டே தெரியாத குடும்பங்களைத் தங்கள் வளவுக்குள் எடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்களை எடுத்த வீட்டில் ஒரு கிணறு, ஒரு கக்கூசு, ஒன்பது குடும்பம். களவு நடந்தது, சண்டையும் நடந்தது, வாளியால் மண்டை உடைந்தது. கிறேயா நின்றிருந்தால் அதைத்தான் காட்டியிருப்பாள். அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு விடியவும் கஞ்சி வைத்ததை அவள் என்ன செய்வாள்? மருமகனுக்கு இதை அன்றைக்குத்தான் முதன்முதல் சொன்னேன். பிஸ்கட்டவேயில் பிறந்தவன். கட்டுப்பெட்டியைக் கையில் வைத்தபடி ஆட்டத்தை நிப்பாட்டிவிட்டு, 'பிறகு?' என்றான். கனநேரம் கதைத்தோம்.

கொள்கலனும் சண்டியரும் இல்லாவிட்டாலும் எங்கள் ஊரிலும் இப்படி ஒரு இறங்குதளம் இருந்தது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் வளாகம், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிசக் கார் ஓட்டம், முந்தி காம்ப் கில்மர் என்ற இராணுவ முகாம். 1956இல் சோவியத் தாங்கிகள் புடாபெஸ்ற்றுக்குள் புகுந்தபிறகு தப்பி வந்த ஹங்கேரியரை அமெரிக்கா இங்கேதான் கொண்டுவந்து இறக்கியது. நவம்பரில் முதல் விமானம். அடுத்த ஆறுமாதத்துக்குள் 30,000 பேருக்கு மேல் இந்தச் சேற்று நிலத்துப் பரக்குகளில் தங்கி, விரலடையாளம் கொடுத்து, ஆராவது பொறுப்பேற்கும்வரை காத்திருந்து போனார்கள். இன்றைக்கு அங்கே பொடியள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

மீட்டதெல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். வெட்டிய ரோபோக் கிரகத்தையும் வேறு சிலர் தனியாகக் கட்டிச் சேர்த்தார்கள். போய்ப் பார்த்தோம். இங்கே ஓடு, அங்கே ஓடு, அவரைக் கேள், இவரைக் கேள் என்று கச்சேரியில் பத்திரம் எடுக்கிற அலைச்சல். அதை வெட்டியவர் புத்திசாலி. தொழிற்சாலையும் கொஞ்சம் இழுவைதான், எச்கே-47இன் பகிடிக்காகப் பொறுக்கலாம். ஆனால் கடைசிக் கிரகம் இப்போது ஒரு இடமாக இருக்கிறது. தோழர்கள் கடைசியில் எங்கே போனார்கள் என்பதில் பாதியாவது தெரிகிறது. பாவோ-டுருக்கு என்ன நடந்தது என்பது மட்டும் இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. அதை ஒரு பொதியாலும் திருத்த முடியவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 2013இல் லூக்காஸ்ஆர்ட்ஸ் விளையாட்டுச் செய்கிற பகுதியையே டிஸ்னி மூடியது. 2020 டிசம்பரில் கைத்தொலைபேசிக்கு இந்த ஆட்டம் வந்தது. 2022 யூனில் நின்ரென்டோ சுவிட்சுக்கு வந்தபோது, ரசிகர்கள் மீட்ட பகுதிகளையும் இலவசமாகத் தருவோம் என்று அஸ்பயர் விளம்பரம் செய்தது. ஒரு வருசம் கழித்து, 2023 யூனில், அது வராது என்று அறிவித்தது. அதை நம்பி வாங்கியவர்கள் சார்பில் கலிஃபோர்னியாவில் வழக்கும் போட்டார்கள். சம்பளமில்லாமல் செய்த வேலையைக் கொம்பனி தன் பெயரால் விற்கப் பார்த்தும் வெளியிட முடியாமல் போனது. கணனியில் அது இன்னமும் சும்மா கிடைக்கிறது.

ஆட விருப்பமென்றால் கணனிப் பதிப்பையே வாங்குங்கோ, மலிவு. தொடங்குவதற்கு முன்னமே பொதியைப் போடவேண்டும், நடுவில் போட்டால் சேமித்து வைத்தது குழம்பும். முதல் மூன்று மணித்தியாலம் பெராகஸ் என்ற சுரங்கத்தில் ரோபோக்களோடு மாரடிக்கவேண்டும், அலுப்பாகத்தான் இருக்கும், தாண்டிப் போங்கோ. மருமகன் இப்போது மூன்றாந்தரம் ஆடுகிறான். நார் ஷட்டாவில் அந்த ஐந்து கிரெடிற்றைக் கொடுத்துவிட்டு, கிழவி ஏசத் தொடங்கினால் குரலைக் குறைத்துவிடுகிறானாம்.