பின்லாந்து தன் காட்டை அளந்த வரலாறு

காட்டில் நிற்கும் ஒரு மரத்தின் கன அளவை, அதாவது அதன் தண்டு எத்தனை கன மீட்டர் என்பதை, மரத்தை வீழ்த்தாமல் நேரடியாக அறிவது கடினம். ஆகவே மார்பளவு உயரத்தில் தண்டின் விட்டத்தையும் மரத்தின் முழு உயரத்தையும் அளந்து, முன்பே வெட்டி அளக்கப்பட்ட மரங்களிலிருந்து உருவாக்கிய அட்டவணைகளின் துணையால் அதைக் கணிப்பது வனவியலாளர் வழக்கம். இம்முறையை ஒரு நாட்டின் காடு முழுவதற்கும் விரிப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு, நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடாக உள்ள பின்லாந்து நூறாண்டுகளாக விடை தேடி வந்துள்ளது.

1917இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் ஏற்றுமதி மரத்தையும் காகிதத்தையுமே பெரிதும் நம்பியிருந்ததால், வளர்வதைவிட மிகுதியாக வெட்டப்படுகிறதா என்பதை அறிவது அரசின் கடமையாயிற்று. யூர்யோ இல்வெஸ்ஸாலோ தலைமையில் 1921 முதல் 1924 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 26 கிலோமீட்டர் இடைவெளியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரையப்பட்ட நேர்கோடுகளின் வழியே அளவையாளர் நடந்து, இடையிடையே மாதிரிப் பரப்புகளில் மரங்களை அளந்தனர். ஏரிகளும் மணல்மேடுகளும் பெரும்பாலும் வடமேற்குத் தென்கிழக்காக நீள்வதால், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுதான் எல்லா வகைக் காட்டையும் தொடும் என்பதே இத்திசைத் தேர்வின் காரணம்.

பின்னர் வான்படங்கள் துணைக்கு வந்தன. 1990 முதல், எர்க்கி டொம்ப்போ வகுத்த முறைப்படி லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் கணக்கெடுப்போடு இணைக்கப்பட்டன. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலிருந்தும் வரும் ஒளியை, தரையில் அளந்த பரப்புகளின் ஒளியோடு ஒப்பிட்டு, மிக நெருங்கி ஒத்த சில பரப்புகளின் சராசரி மரக்கன அளவை அக்கட்டத்துக்கு வழங்குவதே அம்முறை. ஆயினும் காடு ஓர் அளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால், மரம் பெருத்தாலும் ஒளி அதிகம் மாறுவதில்லை. அதனால் தனிக் கட்டத்தில் பிழை மிகும், பரந்த பகுதியின் சராசரியே நம்பத்தக்கது.

இக்குறையை லேசர் பெரிதும் நீக்கியது. விமானத்திலிருந்து செலுத்தப்படும் ஒளித்துடிப்பு மர உச்சியிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேரங்களின் வேறுபாடு மரத்தின் உயரத்தைத் தருகிறது. உயரமோ கன அளவோடு நெருங்கிய தொடர்புடையது. நார்வேயில் எரிக் நெஸ்ஸெட் 1990களிலிருந்து வளர்த்த இவ்வழி பின்லாந்திலும் வேரூன்றியது. எனினும் லேசர் உயரத்தையே காண்கிறது, தண்டின் விட்டத்தைக் காண்பதில்லை. உயரத்தைக் கன மீட்டராக மாற்றும் சமன்பாட்டை இன்றும் கையால் அளந்த மாதிரிப் பரப்புகளே தருகின்றன.

முதல் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 160 கோடி கன மீட்டராக இருந்த மரவளம், 1944இல் நிலத்தின் பத்தில் ஒரு பங்கை நாடு இழந்த பின்னும், இன்று ஏறத்தாழ 250 கோடியாக உயர்ந்துள்ளது. சதுப்பு நிலங்களில் நீர் வடித்ததும் காடு பேணிய முறையும் இதற்கு வழிசெய்தன. ஆனால் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு வெட்டலாம் என்று துணிந்து சொல்லும் உரிமையை, கருவிகள் மாறியபோதும் தரையில் நடந்து அளப்பதைக் கைவிடாத அத்தொடர்ச்சியே அந்நாட்டுக்கு ஈட்டித் தந்தது.